பெரியப்பாவோட கேனனெட், ஒட்டிக்கிட்ட ஷட்டர், சிங்க் அடைக்கிற ரப்பர்

பெரியப்பா மலேசியாவுல, கெடாவுல இருக்குற பீடோங் பக்கத்துல ஒரு தோட்டத்துல கிராணியா, அதாவது ஆபீஸ் கிளார்க்கா இருந்தவரு. அங்க காதுகுத்து, தீமிதி, ஒண்ணாம் வகுப்புல சேர்ற பிள்ளைங்களுக்கு படம், எல்லாத்துக்கும் அவரோட கேமராதான். கேனனெட் கியூஎல்17 ஜி-த்ரீ, 1972ல வந்த மாடல், 40 எம்எம் லென்ஸ், எஃப் 1.7. தோட்டத்து வீட்ட விட்டு டவுனுக்கு வந்தப்ப அலமாரி மேல ஏத்தி வச்சது, தகரக் கூரைக்கு நேர் கீழ, 20 வருஷத்துக்கும் மேல அங்கயேதான் கிடந்துச்சு. போன மாசம் எடுத்து எங்கிட்ட குடுத்து, "பட்டன் அமுங்க மாட்டேங்குதும்மா, நீ பாரு" ன்னாரு.

ஷட்டர், அதான் ஃபிலிமுக்கு வெளிச்சத்தத் திறந்து மூடுற கதவு, ஒட்டிக்கிட்டு இருந்தது உண்மைதான், ஆனா பட்டன் அமுங்காததுக்குக் காரணம் வேற, அதுலயே எனக்கு ஒரு நாள் போச்சு. லென்ஸ் மேல அபெர்ச்சர் வளையம், அதான் வெளிச்சம் நுழையிற துளைய மாத்துறது, A-ல, அதாவது ஆட்டோவுல நின்னுச்சு. A-ல இருந்தா மீட்டர் வெளிச்சத்த அளந்து முள்ளு நகரணும், வெளிச்சம் பத்தலன்னா பட்டன் பூட்டிக்கும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க. உள்ள பேட்டரி செத்து பச்சையா பூத்துக் கிடக்கு, முள்ளு எங்க நகரும்? அது பழைய 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி, இப்ப யாரும் செய்யறதில்ல. வளையத்த 5.6க்குத் திருப்பினேன், பட்டன் அமுங்கிருச்சு. இந்த ஷட்டருக்கு பேட்டரியே வேணாம், எல்லாம் ஸ்பிரிங்தான்.

டிக்குன்னு சத்தம் கேட்டதும் சரியாயிருச்சுன்னு துள்ளிட்டேன். அப்புறம் பின்கதவத் திறந்து லென்ஸ் வழியா ஜன்னலப் பாத்துக்கிட்டே அமுக்கினா சத்தம் வருது, வெளிச்சம் வரல. ஆறாவது தடவ தகடுங்க பாதி திறந்து அப்படியே நின்னுருச்சு.

இது லீஃப் ஷட்டர், லென்ஸ் கண்ணாடிங்களுக்கு நடுவுல காகிதம் மாதிரி மெல்லிசு இரும்புத் தகடுங்க. உள்ள கியருக்குப் போட்ட கிரீஸ் நம்ம ஊரு வெக்கைக்கு எளகி தகடு மேல பரவிரும். ஈரக் கண்ணாடி ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு வச்சா பிரிக்க முடியாதுல்ல, அதே கதைதான், இழுக்குற ஸ்பிரிங்குக்கு அவ்வளவு பலம் கிடையாது. தம்பி மோட்டார் வொர்க்‌ஷாப் வச்சிருக்கான், "அக்கா ஸ்ப்ரே இருக்கு, ரெண்டு அடி அடிச்சா ஓடும் லா" ன்னான். எண்ணெயாலதான ஒட்டியே இருக்கு, அது மேல இன்னும் எண்ணெயா! தகடு காஞ்சு இருக்கணும். கிட்ட விடல அவன.

முன்னாடி பேரு போட்ட வளையத்தக் கழட்டணும், அதுல பிடிக்க ஒண்ணும் கிடையாது, ரப்பர அழுத்தி வச்சுத் திருப்பணும். சுத்தி பால்மரமா நின்ன ஊருல ரப்பர் துண்டுக்கு ஒரு மத்தியானம் அலைஞ்சேன். கடைசில ஹார்ட்வேர் கடையில சிங்க் அடைக்கிற ரப்பர் மூடி, ரெண்டு வெள்ளி, அச்சா உட்காந்துச்சு. அதுக்கு அடியில முன் லென்ஸ் கட்டு, அதுல எதிரெதிரா ரெண்டு வெட்டு இருக்கும். அதுக்குன்னு சாமான் விக்கிறாங்க, வாங்கியிருக்கணும், நான் மகளோட ஸ்கூல் பேக்ல இருந்த டிவைடர வச்சுத் திருப்பினேன், ஒரு தடவ வழுக்கி வளையத்துல ஒரு கோடு விழுந்துருச்சு. கண்ணாடியில படல, மாரியம்மா காப்பாத்துனா. திருப்புறதுக்கு முன்னாடியே எது எங்க நின்னுச்சுன்னு பென்சில்ல ஒரு புள்ளி வச்சு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன்.

லென்ஸ் கட்டு வந்ததும் தகடுங்க நேரா கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, மேல வானவில் கலர்ல எண்ணெய். லைட்டருக்கு ஊத்துற எண்ணெய்ல காது பஞ்சுக் குச்சிய நனைச்சு, ஊத்தக் கூடாது, தொட்டுத் தொட்டுத் துடைச்சேன். வாசல்ல உக்காந்துதான் செஞ்சேன், அம்மா பழக்கதோஷத்துல கொசுவத்தி கொளுத்திக்கிட்டு வந்துட்டாங்க, பக்குன்னு ஆயிருச்சு, அந்த எண்ணெய் ஆவியே தீப்பிடிக்கும். துடைக்கிறது, ஃபிலிம் நகத்துற லீவர இழுத்து பட்டன அமுக்குறது, துடைக்கிறது. முப்பது தடவைக்கு மேல ஓட ஆரம்பிச்சுது, ராத்திரி பத்து மணிக்கு 1/500 செகண்டு ஸ்பீடு வரைக்கும் டக்கு டக்குன்னு. மூடி வச்சுட்டுத் தூங்கிட்டேன்.

காலையில மறுபடி ஒட்டிக்கிச்சு.

இங்கதான் நிறைய பேரு கைவிட்டுருவாங்க போல, நானும் ஒரு வாரம் தொடவே இல்ல. யோசிச்சா விஷயம் சின்னது. லைட்டர் எண்ணெய் கிரீஸக் கரைக்குது, அவ்வளவுதான், எடுத்துட்டுப் போறதில்ல. அது ஆவியாப் போன பிறகு கரைஞ்சது அங்கயே படியும். பஞ்சுல ஒத்தி எடுக்கணும், ஒவ்வொரு தடவையும் புதுக் குச்சி, மஞ்சளா வர்றது நிக்கிற வரைக்கும். ரெண்டாவது சுத்துல நாலு நாள் சாயங்காலமா செஞ்சேன், நடுவுல ராத்திரி முழுக்கக் காய விட்டேன், பஞ்சுக் குச்சி ஒரு டப்பா காலி.

ஸ்பீடு, அதான் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்குன்னு, சரியான்னு பாக்க போன்ல செகண்டுக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் போதும். 1/4 செகண்டுக்கு 60 ஃபிரேம் வரணும், 1/30க்கு 8. எனக்கு 1/30 சரியா வந்துச்சு, 1/4 மட்டும் 70 கிட்ட. அதுக்கு உள்ள இருக்குற கியரப் பிரிக்கணும், விட்டுட்டேன். 1/500 இந்த வழியில அளக்க முடியாது. செல்ஃப் டைமர் லீவரத் தொடவே இல்ல, பழைய கேமராவுல அது பாதியில நின்னா ஷட்டரும் சேந்து நின்னுரும்.

பின்கதவு ஓரத்து ஃபோம் தாரு மாதிரி ஒழுகிப் போயிருந்துச்சு, சுரண்டிட்டு கறுப்புக் கம்பளி நூல் ஒட்டினேன். ஐஎஸ்ஓ 200 ஃபிலிம் ஒண்ணு போட்டு, மீட்டர் இல்லாம, வெயில்ல எஃப் 16, 1/250 ன்னு கணக்கு வச்சு ஜெராய் மலை, பசார், அம்மா எல்லாம் எடுத்து பினாங்குக்குக் கழுவ அனுப்பினேன். 36ல 31 நல்லா வந்துச்சு.

கேமராவக் கொண்டு போய் பெரியப்பா கையில குடுத்தேன். கண்ணாடிய மூக்குல இறக்கி, லென்ஸ்ஸ ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு முதல் வார்த்தையே, "இந்தக் கோடு யாரு போட்டது?"