சிறைக்குள் குழு உளச்சிகிச்சை: ரோட் ஐலண்ட் ஆய்வுகளை முன்வைத்து

குழு உளச்சிகிச்சைக்கும் சிறைச்சாலைக்கும் உள்ள உறவு பலரும் நினைப்பதைவிடப் பழையது. வியன்னாவில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் குடியேறிய ஜேக்கப் மொரேனோ, நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையை ஆராய்ந்து, எந்தக் கைதியை யாரோடு சேர்த்து வைத்தால் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பார்கள் என்று பார்த்துக் குழுக்களாகப் பிரிக்கும் ஒரு திட்டத்தை 1932இல் முன்வைத்தார். கைதிகளுக்கு மருத்துவராகக் கைதிகளே இருக்க முடியும் என்பது அதன் உள்ளடக்கம். அப்போது பி.டி.எஸ்.டி. என்ற நோய்ப்பெயர் இல்லை. பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனவடுவைத் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஏற்றுக்கொண்டது 1980இல்தான்.

சிறைவாசிகளிடையே இந்த நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை, 20 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 21,000 சிறைவாசிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு கட்டுரை கணக்கிட்டது. ஆண்களில் சுமார் 6 சதவீதத்தினருக்கும் பெண்களில் சுமார் 21 சதவீதத்தினருக்கும், ஆய்வு நடந்த வேளையிலேயே பி.டி.எஸ்.டி. இருந்தது. பெண்களில் பலருக்கு அந்த வடு சிறைக்கு வருமுன்பே ஏற்பட்டுவிட்டது. சிறுவயதில் நேர்ந்த பாலியல் வன்முறை, கணவனோ காதலனோ செய்த அடி உதை, அவற்றை மறக்கப் பிடித்துக்கொண்ட போதைப்பொருள், அந்தப் போதைப்பொருளின் வழியாக வந்த வழக்கு என்று அவர்களுடைய வாழ்க்கை வரலாறுகள் திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் செல்வதைக் காணலாம். ஆகவே சிறைக்குள் மனவடுவுக்குச் சிகிச்சை அளிப்பதைக் குற்றவாளிகளுக்குக் காட்டும் சலுகை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வெளியுலகில் பலன் தரும் சிகிச்சையை அப்படியே தூக்கிக்கொண்டு சிறைக்குள் போய்விட முடியாது. பி.டி.எஸ்.டி.க்கு நன்கு நிறுவப்பட்ட சிகிச்சைகளில் ஒன்று, நடந்த கொடுமையை மருத்துவரிடம் விரிவாக, மீண்டும் மீண்டும் சொல்லச் செய்து, அந்த நினைவின் மீதுள்ள அச்சத்தைப் படிப்படியாகக் குறைப்பது. அப்படிச் சொல்லி முடித்த ஒருவர் வெளியே என்றால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம், ஒரு தோழியை அழைக்கலாம். சிறையில் அவர் திரும்பிப் போவது, உள்ளிருந்து தாழிட முடியாத ஓர் அறைக்கு. போகும் வழியிலேயே உடற்சோதனை நடக்கலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவருக்கு, ஆடையைக் களையச் சொல்லும் சோதனை எதை நினைவூட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரவில் அணையாத விளக்கும், சாவிக்கொத்தின் ஓசையும், தலை எண்ண வரும் காவலரின் காலடியும் அன்றாடம் தொடர்பவை.

இதைவிடச் சிக்கலான ஒன்றும் இருக்கிறது. ஓயாத விழிப்பு, யாரையும் நம்பாமை, சுவரில் முதுகைச் சாய்த்தே உட்காரும் பழக்கம் ஆகியவை வெளியே நோயின் அறிகுறிகளாகப் பார்க்கப்படுகின்றன. சிறையிலோ அவை பிழைத்திருப்பதற்கான திறமைகள். மனவடுச் சிகிச்சையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் "அது முடிந்துபோனது, இப்போது நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்ற வாக்கியத்தைச் சிறைக்குள் சொல்பவர் பல வேளைகளில் பொய் சொல்பவராகிவிடுவார், கேட்பவருக்கும் அது தெரிந்திருக்கும்.

இந்தச் சூழலுக்கு ஓரளவு பொருந்தி வந்த முறைகளில் ஒன்று, உளவியலாளர் லிசா நஜாவிட்ஸ் 1990களில் உருவாக்கிய 'சீக்கிங் சேஃப்டி' (பாதுகாப்பைத் தேடுதல்). மனவடுவையும் போதைப் பழக்கத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் இந்த முறையில் மொத்தம் 25 தலைப்புகள் உள்ளன. உதவி கேட்பது, எல்லை வகுப்பது, நேர்மையாக இருப்பது, தன்மீதே இரக்கம் கொள்வது என்பவை அவற்றுள் சில. இதன் முதன்மையான விதி, நடந்த கொடுமையை யாரும் குழுவில் விவரிக்கக் கூடாது என்பதுதான். முதலில் வாசித்தபோது இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஆயினும் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் விவரிக்கும் காட்சி மற்ற மூவருடைய நினைவுகளையும் கிளறிவிட்டால், அன்றிரவு அவர்களைக் கவனிக்க அங்கே யாரும் இருக்கப்போவதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த விதியின் பொருள் விளங்குகிறது.

அமர்வு எப்போதும் ஒரே ஒழுங்கில் நடக்கும். சென்ற அமர்வுக்குப் பின் எப்படி இருந்தீர்கள், எதை நன்றாகச் சமாளித்தீர்கள், ஆபத்தான எதையாவது செய்தீர்களா, செய்வதாகச் சொன்னதைச் செய்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும். பிறகு ஒரு மேற்கோள் வாசிக்கப்படும். அன்றைய தலைப்பை அவரவர் வாழ்க்கையோடு பொருத்திப் பேசுவார்கள். அடுத்த அமர்வுக்குள் செய்யப்போகும் ஒரு சிறு செயலை வாக்களித்துவிட்டுக் கலைவார்கள். பழைய நினைவு திடீரென மேலெழும்பும்போது தரையில் பாதங்களை அழுத்துவது, கண்ணில் படும் பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வது, கையில் கிடைத்ததைத் தொட்டு உணர்வது போன்ற நிலைகொள்ளும் பயிற்சிகளும் இதில் உண்டு. இவை பூட்டிய அறைக்குள்ளும், யாருக்கும் தெரியாமல், எந்தக் கருவியும் இன்றிச் செய்யக் கூடியவை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பெண்கள் சிறையில் ஆய்வாளர் கேரன் ஸ்லாட்னிக்கும் நஜாவிட்ஸும் பிறரும் இதைச் சோதித்தார்கள். 2003இல் வெளியான முன்னோட்ட ஆய்வில் பங்கேற்ற 17 பெண்களில் 53 சதவீதத்தினருக்குச் சிகிச்சையின் முடிவில் பி.டி.எஸ்.டி.க்கான வரையறை பொருந்தவில்லை. மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் 46 சதவீதத்தினர் அந்த நிலையிலேயே இருந்தார்கள். இந்த எண்களைத்தான் பிரசுரங்கள் எடுத்துக்காட்டும். ஆனால் அதே குழுவினர் 49 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சையைக் கூடுதலாகப் பெற்றவர்களுக்கும் சிறையின் வழக்கமான போதை மீட்புத் திட்டத்தில் மட்டும் இருந்தவர்களுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இரு தரப்பினரும் முன்னேறியிருந்தார்கள்.

இதைத் தோல்வி என்று எழுதுவது எளிது. நான் அப்படி வாசிக்கவில்லை. ஒப்பிடப்பட்ட பெண்கள் சும்மா இருந்தவர்கள் அல்லர். அவர்களும் ஒரு திட்டத்துக்குள், பயிற்றுநர்களோடும் சக பெண்களோடும் ஓர் ஒழுங்கில் இருந்தவர்களே. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஃபோர்ட் 72 சிறைவாசிப் பெண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் 'டார்கெட்' என்ற பாடத்திட்டத்தை அவர், பெண்கள் கூடிப் பேசி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ஓர் ஆதரவுக் குழுவோடு ஒப்பிட்டார். இரண்டிலும் பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் குறைந்தன, தமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கும் மனநிலையில் மட்டும் முதலாவது முந்தியது. பாதியில் விலகியவர்கள் மிகச் சிலரே. (சிறையில் மாலைப் பொழுதைக் கழிக்க வேறு இடம் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.) எந்தப் பாடத்திட்டம் என்பதைவிட, குறித்த நேரத்தில், குறித்த முகங்களோடு, சொன்ன சொல் காப்பாற்றப்படும் ஓர் அறை கிடைத்தது என்பதே பெரும் பகுதி வேலையைச் செய்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதற்காகப் பாடத்திட்டம் வீண் என்று ஆகிவிடாது. ரோட் ஐலண்டின் இரண்டாவது ஆய்விலேயே, அதிக அமர்வுகளுக்கு வந்தவர்கள் அதிகம் முன்னேறினார்கள்.

உண்மையில் கவலை தரும் செய்தி வேறொன்று. சிறைவாசிகளுக்கான உளச்சிகிச்சைகள் பற்றிய 37 ஆய்வுகளை, அதாவது 2,761 பேரின் விவரங்களை, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சீனா ஃபசேல் (Seena Fazel) உள்ளிட்டோர் 2017இல் தொகுத்துப் பார்த்தார்கள். குழுச் சிகிச்சைக்கும் தனிச் சிகிச்சைக்கும் பலனில் வேறுபாடு இல்லை. ஆனால் மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கிடைத்த பலன் நிலைக்கவில்லை. மனவடுவை மையமாகக் கொண்ட சிகிச்சைகளுக்குச் சான்றும் போதவில்லை. ரோட் ஐலண்ட் ஆய்வாளர்கள் இதை ஓரளவு எதிர்பார்த்தே, விடுதலைக்குப் பின்னும் தனி அமர்வுகளைத் திட்டத்தில் சேர்த்திருந்தார்கள். வேலையும் வீடும் இல்லாமல், சில சமயம் அடித்த அதே ஆணிடமே திரும்பிப் போகும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சில அமர்வுகள் எம்மாத்திரம்?

இனி, குழுவை நடத்துவது யார் என்ற கேள்வி. சம்பளம் வாங்கும் சிகிச்சையாளர், யாரேனும் தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போவதாகவோ தப்பிக்கத் திட்டமிடுவதாகவோ சொன்னால் நிர்வாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழுவில் பேசியது படுக்கைக் கூடத்துக்குப் போகாது என்பதற்கும் உறுப்பினர்களின் வாக்குறுதி தவிர வேறு காவல் கிடையாது. கலிஃபோர்னியாவின் பெண்கள் சிறைகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சிகிச்சையாளர் ஸ்டெஃபனி கோவிங்டன் மனவடுவுக்காக உருவாக்கிய ஆறு அமர்வுகள் கொண்ட திட்டத்தை, ஆயுள் தண்டனை பெற்ற பெண்களே பயிற்சி எடுத்துக்கொண்டு சக சிறைவாசிகளுக்கு நடத்துகிறார்கள். மொரேனோ எண்ணியதற்கு மிக அருகில் இருப்பது இதுதான். எதிரே இருப்பவள் அன்று மாலை வீட்டுக்குப் போகப்போவதில்லை என்பதால் அவளை நம்புவது எளிதாகிறது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைக்க வேண்டும் என்கிறது. நம் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். வாய்தாவுக்குப் போவார்கள், திடீரெனப் பிணையில் வெளியேறுவார்கள். மூன்று மாதம் அதே முகங்களோடு ஒரு குழுவை நடத்துவது இங்கே இயலாத காரியம். சீக்கிங் சேஃப்டியின் தலைப்புகள் ஒன்றையொன்று சாராதவை, எந்த அமர்விலும் ஒருவர் புதிதாகச் சேரலாம், எந்த அமர்வோடும் விடைபெறலாம் என்பதால், நம் சூழலுக்கு முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது அந்த வகைத் திட்டத்தையே என்பது என் கருத்து. நடத்துபவர்களாக முதலில் பயிற்சி பெற வேண்டியவர்கள், எங்கும் போகாமல் அங்கேயே இருக்கும் ஆயுள் தண்டனைக் கைதிகள்.