எதுவும் உடையாதுல்ல?

ஏஆர்எம் சிப் உள்ள சிறிய கருவிகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் தயார் செய்யும் குழுவில் வேலை பார்க்கிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை மேம்படுத்தலாமா என்று பேச்செடுத்தாலே மேலாளர் கேட்பது, "எதுவும் உடையாதுல்ல?" என்றுதான். புதிதாக என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அப்புறம்.

கர்னலைப் பொறுத்தவரை தைரியமாகத் தலையாட்டலாம். அதற்குக் காரணம் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பிடிவாதம். நேற்றுவரை ஓடிய நிரல் புதுக் கர்னலில் நின்றுபோனால் தவறு கர்னலுடையது; அந்த நிரல் எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும் சரி. கர்னலுக்கு உள்ளே இந்தச் சலுகை கிடையாது. வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் நம்பியிருக்கும் ஃபங்ஷன்களை எந்த வெளியீட்டிலும் மாற்றிவிடுவார்கள். டிரைவரைக் கர்னலில் சேர்க்காமல் தனியே வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான் ஒவ்வொரு முறையும் ராத்திரி கண்விழிக்க வேண்டும்.

இந்தப் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகும் என்பது 2019 செப்டம்பரில் தெரிந்தது. கர்னலின் 5.3 பதிப்பு வெளிவரும் சமயம். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில், வட்டை அடிக்கடி தொடாமல் சேர்த்துப் படிக்கும்படி ஒரு மேம்பாடு வந்திருந்தது. அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் வட்டு வேலை குறைந்ததால், வன்பொருள் கர்னலை அழைக்கும் சமிக்ஞைகளான இன்டரப்டுகள் குறைந்தன. அவை வரும் நேரங்களிலிருந்து ரேண்டம் எண்களுக்குக் கர்னல் சேகரிக்கும் தற்செயல் தகவலும் குறைந்தது. பூட் ஆகும்போதே ரேண்டம் எண் கேட்ட ஒரு நிரல் காத்துக்கொண்டே நிற்க, ஒருவருடைய லேப்டாப் பூட் ஆகாமல் அப்படியே நின்றது. அவ்வளவு சீக்கிரம் அதைக் கேட்டது நிரலின் தவறுதான் என்று வாதம் நடந்தது. டோர்வால்ட்ஸ் அந்த நல்ல மேம்பாட்டையே எடுத்துவிட்டு 5.3-ஐ வெளியிட்டார். தகவல் போதாதபோது கர்னலே நேர ஏற்ற இறக்கங்களிலிருந்து அதை உருவாக்கிக்கொள்ளும் வழி 5.4-இல் வந்தது. மேம்பாடும் திரும்ப வந்தது.

பூட்டின்போது வட்டை இத்தனை முறை படிப்போம் என்று கர்னல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆவணத்தில் எழுதியதை மட்டும் காப்பாற்றினால் போதும் என்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் போனது நேர் எதிர்த் திசையில். 1970 தொடக்கத்திலிருந்து நொடி நொடியாக 32-பிட் எண்ணில் நேரத்தை எண்ணினால் 2038 ஜனவரி 19-இல் கணக்கு தீர்ந்துவிடும். 2014-இல் வந்த 5.5 வெளியீட்டில், எல்லா வகைக் கணினிகளிலும் ஒரேயடியாக 64-பிட்டுக்கு மாறிவிட்டார்கள். பழைய நிரல்களா? மூல நிரலிலிருந்து மறுபடி கம்பைல் செய்துகொள்ளுங்கள். கர்னலும் அடிப்படை நிரல்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அவர்களால் அது முடிகிறது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

லினக்ஸ் உலகில் அதே வேலை தவணை முறையில் நடந்தது. 32-பிட் கருவிகளுக்கான புதிய சிஸ்டம் கால்கள் (நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் வழிகள்) 2019-இல் 5.1 கர்னலில், பழையவற்றை அழிக்காமல் பக்கத்திலேயே சேர்க்கப்பட்டன. பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2021-இல், வேண்டுபவர்கள் மட்டும் மாறிக்கொள்ளலாம் என்றது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு 2024-இல்தான் எங்கள் ஏஆர்எம் வகையை மாற்றியது. பெயரின் வால் 'டி64' என்று நீண்ட லைப்ரரிகள் வரிசையாக வந்து இறங்கின.

எங்களுக்கு இடித்த இடம் ஒன்றே ஒன்று. ஒரு சென்சார் நிறுவனம் தந்த லைப்ரரி, பழைய 32-பிட் நேரத்தோடு கம்பைல் ஆனது. மூல நிரல் தரமாட்டார்கள். அதைப் பழைய லைப்ரரிகளோடு, மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த ஒரு தனி கன்டெய்னரில் அடைத்து, சாக்கெட் வழியாக மற்ற நிரல்களோடு பேசவைத்தோம். பழைய சிஸ்டம் கால்களைக் கர்னல் இன்னும் வைத்திருப்பதால் ஓடுகிறது.

டெபியனும் ஓரிடத்தில் இப்படித்தான் செய்தது. இன்டெல் வகை 32-பிட் கணினிகளுக்கான ஐ386 வகையை மட்டும் 32-பிட் நேரத்திலேயே விட்டுவிட்டார்கள். பழைய நிரல்களை ஓட்டத்தான் இப்போது அது தேவைப்படுகிறது. மாற்றினால் அந்த நிரல்களே ஓடாது. அதன் ஆயுள் 2038 வரைதான் என்று தெரிந்தே எடுத்த முடிவு. எங்கள் கன்டெய்னருக்கும் அதே கெடுதான். மூல நிரல் கேட்டு அந்த நிறுவனத்துக்கு மறுபடியும் ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறோம்.