அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற கோச்சி

ஆவணியில் யாழ்ப்பாணத்து நல்லூர்த் தேருக்குப் போக வேண்டும், அதுவும் கோச்சியில்தான், அதாவது ரயிலில்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். வயது எழுபத்திரண்டு. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருக்கின்றன. திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் இருக்கிறது, நேரமும் குறைவுதான். ஆனால் நினைத்த நேரத்தில் எழுந்து நாலடி நடக்க முடியாது, கழிவறையும் இல்லை. ரயில் என்றால் நேர்ப்பாதை கிடையாது, தெற்கே மாஹோச் சந்தி வரை போய்த்தான் வடக்கே திரும்ப வேண்டும். முதலில் நான் ஒரு தடவை போய்ப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினேன். கூட வந்தவன் அக்காவின் மகன். பத்தொன்பது வயது. ஹோர்ன் சத்தத்தைக் கேட்டே என்ன எஞ்சின் என்று சொல்லிவிடுவான்.

திருகோணமலையில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதனால் வந்த எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதையால் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டுகிறார்கள். மருமகன் பையைக்கூட இறக்கி வைக்காமல் அதைப் பார்க்க ஓடினான். "எம் 8, மாமா! வாரணாசியில செய்தது, 1996இல வந்தது." நான் பார்த்தது வேறு. பிளாட்பாரத்திலிருந்து பெட்டிக்குள் கால் வைக்கும் உயரத்தை என் முழங்காலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அம்மாவுக்குக் கைப்பிடியும் வேண்டும், பின்னால் தாங்க ஓர் ஆளும் வேண்டும்.

இரவுத் தபால் வண்டியில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஒட்டுதல் உண்டு. ஆனால் இந்தத் தடவை அம்மாவின் உடம்போடு பயணம் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எஞ்சின் இழுக்கும் வண்டி கிளம்பும்போது, பெட்டிகளுக்கு இடையிலுள்ள கொக்கிகளின் தளர்வு ஒவ்வொன்றாக இறுகும். அந்த இழுப்பு முன்னாலிருந்து பின்னால் ஓடிவந்து முதுகில் ஒரு குத்துக் குத்தும். நின்று கொண்டிருக்கும் முதியவரைத் தள்ளிவிட அது போதும். ஆகவே நான் எழுதிக்கொண்ட முதல் குறிப்பு: வண்டி அசைந்து ஒரு நிமிடம் கழிந்த பிறகே கழிவறைக்கு எழும்ப வேண்டும்.

மாஹோவில் இறங்காமல் கடைசி வரை போனோம், விடியுமுன் கொழும்புக் கோட்டை. பிளேன்டீ குடிப்பதற்குள் மருமகன் தன் பிடித்தமான வண்டிகளை எல்லாம் வரிசைப்படுத்திவிட்டான். மலையகப் பாதைக்குச் சீனாவில் செய்த எஸ் 12, அதற்குப் பிறகு வந்த எஸ் 14. எல்லாவற்றுக்கும் மேலே, அன்று காலை நாங்கள் ஏறவிருந்த எஸ் 13.

ஏன் அது என்று கேட்டேன். "உள்ள ஏறி இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ" என்றான்.

கேட்டேன். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. எஸ் 13இல் தனி எஞ்சின் கிடையாது. இரண்டு முனையிலும் இருக்கும் பெட்டிகளுக்குள்ளேயே இயந்திரம் இருக்கிறது, நடுப்பெட்டிகளில் அதன் உறுமல் எட்டுவதில்லை. கடைசி நிலையத்தில் எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவரும் வேலையும் மிச்சம், ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து போனால் சரி. சென்னை பெரம்பூரில், 1955இல் தொடங்கிய ஐசிஎஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த வண்டி இது. 2019 ஜனவரியில் யாழ்ப்பாணப் பாதைக்கு வந்தது. நம் அகலப் பாதையும் இந்தியாவின் அகலப் பாதையும் ஒரே அளவு, 1,676 மில்லிமீற்றர்.

ஆனால் எனக்குக் கிடைத்த சுகத்தில் பாதிதான் பெட்டிக்குச் சொந்தம், மீதி தண்டவாளத்துக்கு. மாஹோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீற்றரை இந்தியக் கடனுதவியில் புதுப்பித்து, 2025 ஏப்ரலில் திறந்தார்கள். ஓமந்தைக்கு வடக்கே போருக்குப் பிறகு முழுக்கவே புதிதாகப் போட்ட பாதை, அதில்தான் 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போனது. தண்டவாளத் துண்டுகளை ஒட்டவைத்து நீளமாக்கியிருப்பதால் மூட்டுக்கு மூட்டு வரும் தடக் தடக் இல்லை. அம்மாவின் முழங்காலில் போய் இறங்குவது அந்தத் தடக்தான். எவ்வளவு புதிய பெட்டியாக இருந்தாலும் பழைய மூட்டுப் பாதையில் விட்டால் குலுங்கத்தான் செய்யும். ரயில் பிரியர்கள் பெட்டியின் வர்ணத்தையும் எஞ்சினின் குதிரைவலுவையும் பேசுமளவுக்குப் பாதையைப் பேசுவதில்லை என்பது எனக்குக் குறைதான். மருமகனிடமே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதான் மாமா" என்றான்.

அதே பெரம்பூரில் பிறந்த இன்னொரு வண்டியிலும் நான் போயிருக்கிறேன். திருச்செந்தூர் கும்பிட்டுவிட்டு, திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத். 2023 செப்டெம்பரில் அந்தப் பாதையில் தொடங்கியது. அது மின்சார வண்டி. பல பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் பிரிந்திருப்பதால், நிலையத்தை விட்டதும் சட்டென்று வேகம் எடுக்கும், ஆனால் குத்து இருக்காது. கதவு தானாகத் திறக்கும், கழிவறை நன்றாக இருந்தது, நாற்காலி முதுகைத் தாங்கியது. ஏறத்தாழ எட்டு மணி நேரம் இருந்துவிட்டு எழும்பியபோது இடுப்பு பிடிக்கவில்லை. அப்படி இருந்தும், அம்மாவை அதில் மனதால் உட்காரவைத்துப் பார்த்தால் ஒன்று இடிக்கிறது. ஜன்னல் திறக்காது. அம்மாவுக்குக் காற்று முகத்தில் பட வேண்டும், ஒவ்வொரு நிலையத்திலும் கச்சான்காரரைக் கூப்பிட வேண்டும். ஏசி குளிரில் அவருக்கு மூட்டு இறுகிவிடும், ஒரு தடவை வேறொரு வண்டியில் போர்வை இல்லாமல் பட்டபாடு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனையிறவில் வண்டி நீருக்கு நடுவே போகும்போது முடிவு எடுத்துவிட்டேன். ஏசி முதல் வகுப்பு வேண்டாம். எஸ் 13இன் இரண்டாம் வகுப்பு, இயந்திரப் பெட்டிக்குத் தள்ளி நடுவில், கழிவறைக்குக் கிட்ட, ஜன்னல் ஓரம்.

திரும்பும்போது கொழும்பு வரை போகாமல் மாஹோவில் இறங்கி, நள்ளிரவில் திருகோணமலை வண்டிக்குக் காத்திருந்தோம். இரவு நேரத்துச் சந்தி நிலையம் எனக்குப் பிடிக்கும். நாய்கள் தூங்கும், யாரோ ஒருவர் மூட்டையில் சாய்ந்து குறட்டை விடுவார். ஆனால் அம்மாவோடு வரும்போது இந்தக் காத்திருப்பு கூடாது. யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்கி, பகல் வண்டியில் கோட்டைக்கு வந்து இளைப்பாறி, இரவு அங்கேயே ஏறினால் மாற்றி ஏறும் அலைச்சல் இல்லை.

ஹபரணைப் பக்கம் காட்டுக்குள் வண்டி மெல்ல ஊர்ந்தது. 2025 பெப்ரவரியில் இந்தப் பக்கத்தில்தான் மட்டக்களப்புப் பாதை ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன, ரயிலும் தடம் புரண்டது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் வேகம் கேட்கிறோம். இந்தக் காட்டில் எனக்கு அது வேண்டாம். எவ்வளவு நேரம் பிடித்தாலும் மெதுவாகவே போகட்டும். மருமகன் கதவருகே நின்று இருட்டையே பார்த்துக் கொண்டிருந்தான், பேசவில்லை.

கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து, கந்தளாயும் கடந்த பிறகு வெளிச்சம் வந்தது. தம்பலகாமத்து வயல்களுக்கு மேல் பனி. மூட்டுக்கு மூட்டு தடக் தடக் என்று கேட்டது, மருமகன் அதைத் தொலைபேசியில் பதிவு செய்தான். அவனுக்கு அது பாட்டு. எனக்கும்தான், ஆனால் இந்தப் பாதைக்கும் நீளத் தண்டவாளமும் ஓர் எஸ் 13உம் வந்தால் அதை இழக்க நான் தயார். அம்மாவைப் போல எத்தனையோ பேர் கொழும்பு ஆஸ்பத்திரிகளுக்கு இதே வண்டியில்தான் போய் வருகிறார்கள்.

சீனன்குடா தாண்டியதும் அம்மா அழைத்தார்.

"எப்பிடி இருந்தது? கால் நோகேல்லையா?"

"போகும்போது நோகேல்லை அம்மா. வரும்போது கொஞ்சம்."

"அப்ப போகலாம்" என்றார். மருமகன் தொலைபேசியைப் பிடுங்கி, "அம்மம்மா, நான்தான் உங்களுக்கு சீற் பார்த்து எடுப்பன், சரியே?" என்று கத்தினான்.