மைனிக்கு மாஸ்டடான்ல ஒரு சர்வர் பாத்து குடுத்த கதை

நவம்பர் பொறந்தாலே எங்க மைனி, அதான் அண்ணன் பொண்டாட்டி, போன கையில எடுக்கவே பயப்படுவாங்க. அவங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல சின்னத்துறை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல கடலுக்கு போயிருந்த அவங்க அப்பா திரும்பி வரல, உடம்பும் கிடைக்கல. வருசா வருசம் அந்த நாள் வந்தா நினைவஞ்சலின்னு சொல்லி கரையில ஒதுங்குன சடலங்க படத்த எடுத்து போடுவாங்க, யாரும் கெட்ட எண்ணத்துல போடல, ஆனா மைனி ஒவ்வொரு படத்தையும் பெருசாக்கி பெருசாக்கி பாப்பாங்க, கைலி என்ன கலருன்னு பாப்பாங்க. அத பாத்த பிறகு தான் இவங்கள எப்படியாவது மாஸ்டடானுக்கு கொண்டு வரணும்னு நினைச்சேன். அது ட்விட்டர் மாதிரி தான், ஆனா ஒரே கம்பெனி கையில இல்லாம, தனித்தனி ஆளுங்க நடத்துற நிறைய சர்வரா பிரிஞ்சு கெடக்கும், அதுல ஒண்ண நாம தேர்ந்தெடுத்து சேரணும்.

நான் அங்க போனது 2022 கடைசில, ட்விட்டர் கை மாறுன சமயம். எதையும் யோசிக்காம எல்லாரும் இருக்குற பெரிய சர்வர் ஒண்ணுல சேந்தேன். அங்க ஒரு வெட்டுக்குத்து வீடியோவ ரிப்போர்ட் பண்ணிட்டு நாலு நாள் காத்திருந்தேன், அது அப்படியே தான் கெடந்துச்சு. எத்தனை பேர் இருக்காங்கன்னு பாக்குறது தப்பு மக்கா, யாரு காவல் இருக்காங்கன்னு பாக்கணும்.

எந்த சர்வர்ல இருந்தாலும் மத்த சர்வர் ஆளோட பேசலாம், ஈமெயில் மாதிரி தான். ஆனா எது உள்ள வரலாம்னு முடிவு பண்றது நம்ம சர்வர நடத்துற அட்மின். அதனால சேருறதுக்கு முன்னாடி அந்த சர்வரோட அறிமுக பக்கத்த முழுசா படிங்க. ரத்தம், சடலம் படம்னா மறைச்சு தான் போடணும்னு விதி இருக்கா, எந்தெந்த சர்வர தடுத்து வச்சிருக்காங்கன்னு பட்டியல் வெளிய காட்டுறாங்களா, அட்மின் ஒத்தை ஆளா இல்ல கூட ரெண்டு பேர் இருக்காங்களா. மைனிக்கு நான் பாத்தது ஒரு சின்ன சர்வர், அட்மின் கேட்டதுக்கு அன்னைக்கே பதில் போட்டாரு, அதுவே எனக்கு போதும்னு பட்டுச்சு. நானும் அங்கயே மாறிட்டேன். மாறுனா நம்மள ஃபாலோ பண்றவங்க கூடவே வந்துருவாங்க, பழைய போஸ்ட் வராது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

அப்புறம் ஃபில்டர், நாம குடுக்குற சொல் இருக்குற போஸ்ட மறைக்குற வசதி. இதுல தான் ஒரு சாயங்காலம் முழுக்க போச்சு, சாயா ரெண்டு தடவ ஆறிப்போச்சு. முழுச்சொல்னு ஒரு டிக் இருக்கும், தமிழுக்கு அத எடுத்துருங்க, இல்லன்னா ‘ஒக்கி’ன்னு போட்டா ‘ஒக்கியில’ன்னு எழுதுனது தப்பிச்சு வந்துரும். ‘சடலம்’னு போடாம ‘சடல’ன்னு போடுங்க, அப்ப தான் ‘சடலத்த’யும் மாட்டும். அதே நினைப்புல ‘பிண’ன்னு போட்டேன், ஜாமீன் பிணை, பிணைப்பு எல்லாம் சேந்து மறைஞ்சு போச்சு, பிறகு ‘பிணம்’, ‘பிணத்’, ‘பிணங்’னு தனித்தனியா போட்டேன். எழுத்தே இல்லாத வெறும் படத்த ஃபில்டர் பிடிக்காது, அதுக்கு எல்லா படத்தையும் மறைச்சே காட்டுன்னு செட்டிங்ஸ்ல ஒண்ணு இருக்கு, மைனி போன்ல அது எப்பவும் ஆன்ல தான் இருக்கு.

மியூட் பண்றதுக்கு, அதாவது ஒருத்தர் போடுறது நம்ம கண்ணுல படாம வைக்குறதுக்கு, கூச்சப்படாதீங்க. எங்க சொந்தக்காரர் ஒருத்தர மைனி நவம்பர் கடைசி வாரம் மட்டும் மியூட் பண்ணுவாங்க, நாள் கணக்கு வச்சு பண்ணலாம், அவருக்கு தெரியவும் தெரியாது. முழு சர்வரையே நாமளே பிளாக் பண்ணவும் முடியும், ஆனா அங்கேர்ந்து நம்மள ஃபாலோ பண்ற எல்லாரும் போயிருவாங்க, அத மட்டும் யோசிச்சுக்கோங்க. வேற சர்வர் ஆள ரிப்போர்ட் பண்ணும்போது அந்த சர்வருக்கும் அனுப்பவான்னு கேக்கும், அனுப்புங்க, நம்ம பேரு போகாது.

போன நவம்பர் 30 பூசை முடிஞ்சு வந்து மைனி அவங்க அப்பா வள்ளத்துல சாஞ்சு நிக்குற பழைய போட்டோவ போட்டாங்க, ஒக்கின்னு எழுதி. போட்டுட்டு என்கிட்ட கேட்டாங்க, “கொழுந்தா, நீ போட்ட ஃபில்டர் எங்க அப்பாவயும் மறைச்சிருமா?”

“நீங்க போட்டது உங்களுக்கு மறையாது மைனி”ன்னேன். ரொம்ப நேரம் போன கீழ வைக்காம பாத்துட்டே இருந்தாங்க.