வாஞ்சூரிலிருந்து ஜிப்ரால்டருக்கு

மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்: "நீ இருக்கிறது ஸ்பெயினா, இங்கிலாந்தா?" வீடு ஸ்பெயினில், வேலை இங்கிலாந்துக்காரன் இடத்தில், பாஸ்போர்ட் பிரான்சுடையது என்பேன். வேறு ஊராக இருந்தால் தலை சுற்றும். எங்கள் காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தில் "அப்படியா, சம்பளம் எந்தக் காசுல?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். பிரெஞ்சு ஊராக இருந்த காரைக்கால் 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவுடையது ஆனபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. தாத்தா கொடுத்தார். அப்பா அப்போது இடுப்பில் இருந்த பிள்ளை. கணவர் வீட்டுக் கதையும் இதேதான். அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் 2018-ல் நாங்கள் இரண்டு பேரும், ஸ்பெயினின் தெற்குக் கரையோடு ஒட்டிக்கொண்டு பிரிட்டன் கையில் இருக்கும் ஜிப்ரால்டருக்குப் போய் இறங்கினோம். அவருக்கு ஒரு ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனியில் கணினி வேலை. எனக்கு, கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் ஒரு ஏஜென்சியில் பில் போடும் வேலை.

ஊர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். மொத்தமே ஏழு சதுர கிலோமீட்டருக்குள்தான். அதிலும் பெரும்பங்கு 426 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை. மிச்சத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் ஜனம், ஒரு விமான நிலையம், நான்கு யூத ஆலயங்கள், ஒரு பெரிய மசூதி, மாதா கோயில்கள், சிந்திக்காரர்கள் கட்டிய ஒரு இந்துக் கோயில். கடைத்தெருவில் நடந்தால் வாட்ச் கடை, கேமரா கடை என்று பல பலகைகளில் சிந்திப் பெயர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்து கடை போட்டவர்களின் வாரிசுகள். என் முதல் தீபாவளி அவர்கள் கோயிலில்தான். எனக்கு இந்தி அரைகுறை, அவர்களுக்குத் தமிழ் கிடையாது. ஆனாலும் பிரசாதத் தட்டை இரண்டாம் முறையும் என்னிடம் நீட்டினார்கள்.

முதல் ஆறு மாதம் பாறைச் சரிவில் ஒரு பாட்டியம்மா வீட்டு மாடியில் ஒற்றை அறை. அந்த அறை கிடைப்பதற்குள் பட்ட பாடு தனி. வங்கிக் கணக்கு திறக்க முகவரிச் சான்று கேட்டார்கள், வாடகைக்கு விடுபவர்கள் வங்கிக் கணக்கு கேட்டார்கள். பாட்டியம்மா எதையும் கேட்கவில்லை. "சமையல் வாசனை வருமா?" என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். "நல்லது" என்றார்.

அவர் பேசுவது யானிட்டோ. ஸ்பானிஷில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார், நடுவில் எங்கோ ஒரு இத்தாலியச் சொல் வந்து போகும். புதிதாக வந்த ஆங்கிலேயர்கள் முழிப்பார்கள். எனக்குக் கஷ்டமாக இல்லை. பிரெஞ்சும் தமிழுமாகக் கொம்யூன் பஞ்சாயத்து என்று வாய் கூசாமல் சொல்லி வளர்ந்தவள் நான். ஒருநாள் கலென்டிட்டா என்று ஒரு துண்டு கொடுத்தார். கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, மிளகுத்தூள், அவ்வளவுதான். ஊரே கொண்டாடும் பண்டமாம். சாப்பிட்டால், பஜ்ஜிக்குக் கரைத்த மாவை வாழைக்காய் இல்லை என்று அப்படியே தட்டில் ஊற்றி ஓவனில் வைத்த மாதிரி இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. அடுத்த வாரம் வெங்காய பஜ்ஜி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு வாடகைத் தேதி தள்ளினாலும் அவர் வாய் திறந்ததில்லை.

வெயில்தான் ஏமாற்றியது. அம்மா சொன்னபடி மோர்மிளகாய் போட்டு மொட்டை மாடியில் காயவைத்தேன். கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஸ்பெயின் பக்கம் வெயில் கொளுத்துகிறது. எங்கள் தலைக்கு மேல் மட்டும் பாறை உச்சியில் ஒரு மேகம், உருமால் கட்டினாற்போல் உட்கார்ந்துகொண்டு அசையவில்லை. கிழக்கிலிருந்து ஈரக்காற்று அடித்தால் பாறையில் மோதி மேலேறி இப்படி மேகம் கட்டிக்கொள்ளுமாம். நாலாவது நாள் மிளகாயில் பூஞ்சை. காற்றைக் குற்றம் சொல்ல முடியாது என்று போனில் அம்மாவிடம் சொன்னேன். "ஆறு இல்லாத ஊருக்குப் போனா அப்படித்தான்" என்றார். சம்பந்தம் இன்றுவரை புரியவில்லை.

ஆனால் ஆறு இல்லை என்பது உண்மை. குடிதண்ணீர், கடல்நீரை உப்பு நீக்கி வருவது. கழிப்பறைக்கு நேராகவே கடல்தண்ணீர், தனிக் குழாயில். முன்பு பாறையின் கிழக்குச் சரிவில் தகடு பதித்து மழையைப் பிடித்திருக்கிறார்கள். நாமோ காவிரிக் கடைமடைக்காரர்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் காரைக்கால் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று அப்பா தினமும் மதகுப் பக்கம் போய் நிற்பார். நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு என்று எழுதிய 7 டி.எம்.சி.யைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். அவரிடம் ஒரு பொட்டு ஆற்றுநீர் இல்லாமல் ஒரு நாடே கை கழுவுகிறது என்று சொன்னபோது, கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப யார்கிட்டயும் கெஞ்ச வேணாம்" என்றார்.

வாடகை கட்டுப்படியாகாமல் எல்லை தாண்டி லா லீனியாவுக்கு மாறினோம். ஊர்ப் பெயருக்கே 'கோடு' என்றுதான் அர்த்தம். காலையில் தயிர்சாத டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், ஸ்பெயின்காரரிடம் ஒரு தலையசைப்பு, ஜிப்ரால்டர்காரரிடம் ஒரு தலையசைப்பு, அடுத்து ரன்வே. ஆமாம், ரன்வேயைத்தான் நடந்து கடக்க வேண்டும். கார்களுக்கு 2023-ல் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள், நடப்பவர்களுக்கு இன்னும் அதே வழி. விமானம் வந்தால் விளக்கு எரியும், தடுப்பு இறங்கும், எல்லாரும் நிற்போம். நம் பக்கத்து ரயில்வே கேட் மாதிரியேதான். குனிந்து நுழைந்து ஓடுகிற ஆள் மட்டும் இல்லை.

தினமும் எங்களைப் போல் 15,000 பேர் வரை அப்படி வேலைக்கு வருகிறார்கள். சாயங்காலம் திரும்பும் கூட்டத்தில் சிகரெட் கார்ட்டன்கள். ஜிப்ரால்டரில் வரி குறைவு, ஸ்பெயினில் அதிகம். ஸ்பெயின் சுங்கக்காரர்கள் பைகளைப் பிதுக்கிப் பார்ப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டு நாகூரிலிருந்து, எல்லையில் காரைக்கால் பக்கம் இருக்கிற வாஞ்சூருக்கு ஆட்டோ பிடித்து வருகிறவர்கள் தர்காவுக்கா வருகிறார்கள்? தர்கா இருப்பது நாகூரில்.

பாட்டியம்மாவை இப்போதும் ஞாயிறுகளில் பார்க்கப் போவேன். 1969-ல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ எல்லைக் கதவைப் பூட்டியபோது அவருடைய சித்தி லா லீனியா பக்கம் மாட்டிக்கொண்டாராம். தொலைபேசியும் அறுந்தது. வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று கத்திப் பேசியிருக்கிறார்கள், பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். நடந்து போக 1982 டிசம்பரில்தான் விட்டார்கள், வண்டிகளுக்கு 1985. நான் எங்கள் பாட்டி, ஆத்தா என்போம், அவர் கதையைச் சொன்னேன். நாகூரில் பிறந்து திருமலைராயன்பட்டினத்தில் வாக்கப்பட்டவர். 1954-ல் இந்திய அரசு பிரெஞ்சு ஊர்களைச் சுற்றிக் கெடுபிடியை இறுக்கியபோது, பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்திலிருந்த தாய்வீட்டுக்குப் போக முடியாமல் அழுதவர்.

பாட்டியம்மாவுக்கு ஒரு கணக்கு மட்டும் மனப்பாடம். 1967 வாக்கெடுப்பில் பிரிட்டனோடு இருக்க 12,138 ஓட்டு, ஸ்பெயினுக்கு 44. "அந்த 44 பேர் யாருன்னு இன்னமும் தேடறோம்" என்பார். உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். 1954 அக்டோபரில் புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரவும் 8 பேர் வேண்டாம் என்றும் சொன்னார்கள் என்றேன். "ஜனங்க?" என்றார். அதே கேள்வியை ஆத்தாவும் கேட்டிருக்கிறார், வெற்றிலை மென்றுகொண்டே: "எங்களை எவன் கேட்டான்?"

2025 ஜூனில் அந்த வேலியையே எடுத்துவிடுவதாக உடன்பாடு என்று செய்தி வந்தபோது ஆபீஸில் கைதட்டினார்கள். பாட்டியம்மா தட்டவில்லை. வேலி போனால் விலைவாசி என்ன ஆகும் என்பது அவர் கவலை. நியாயம்தான். காரைக்காலைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடலாமே என்று யாராவது சொன்னால் எங்கள் சித்தப்பா முதலில் கேட்பது பெட்ரோல் விலையைத்தான். மொழி, பண்பாடெல்லாம் அப்புறம்.

நேற்று சாயங்காலம் நாகூருக்கு டவுன் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் வேட்டி கட்டிய பெரியவர், மடியில் மஞ்சப்பை. வாஞ்சூர் தாண்டி செக்போஸ்ட்டில் பஸ் வேகம் குறைத்தது. தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் படியில் காலை வைத்தார். என் கை தன்னால் கைப்பைக்குள் போய்ப் பாஸ்போர்ட்டைத் தேடியது. தினமும் இரண்டு வேளை செய்கிற வேலை, விரல் மறக்கவில்லை. போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பெரியவர் மஞ்சப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். உள்ளே கண்ணாடியோடு கண்ணாடி மோதுகிற சத்தம். என் கைப்பையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எத்தனை பாட்டிலும்மா?" என்றார்.