முதல் ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த அன்று எடுத்த முதல் சி.ரி. ஸ்கானில் ஒன்றுமே தெரியவில்லை. அப்படித் தெரியாததால்தான் அவருக்கு ஊசி போட முடிந்தது. இதைப் பலருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருப்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு சுன்னாகத்தில். காலையில் கிணற்றடியில் நின்ற அப்பாவின் வலது கை திடீரெனச் சோர்ந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்தது, பேச்சுக் குழறியது. பக்கத்து வீட்டு மாமி சுடுதண்ணீர் பருக்கச் சொன்னார், அம்மா விடவில்லை. விழுங்க முடியாதவருக்குக் கொடுத்தால் அது சுவாசப்பைக்குள் போய்விடக்கூடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். இலவச அம்புலன்ஸ் வந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றது.

அங்கே விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். சீனி மிகவும் குறைந்தாலும் இதே அறிகுறிகள் வரலாமாம். பிறகு வைத்தியர் அம்மாவிடம் கேட்டார்: "அம்மா, இவரைக் கடைசியாக எத்தனை மணிக்கு நல்ல மாதிரிக் கண்டீர்கள்?" ஆறே காலுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தபோது நன்றாகக் கதைத்தார் என்று அம்மா தயங்காமல் சொன்னார். ஊசி போடுவதற்கான நேரக் கணக்கு அப்போதிருந்துதான் தொடங்குகிறது, நாங்கள் கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல. தூக்கத்தில் வந்திருந்தால், படுக்கப் போன நேரத்திலிருந்து எண்ணுவார்கள்.

பொய்ப்பல்லையும் சங்கிலியையும் கழற்றி எங்களிடம் தந்துவிட்டு உள்ளே கொண்டு போனார்கள். ஸ்கான் சில நிமிடங்களில் முடிந்தது. "படத்தில் இரத்தக் கசிவு இல்லை, மூளை வழமைபோலத் தெரிகிறது, ஊசி போடலாம்" என்றார் வைத்தியர். கனடாவிலிருந்து தொலைபேசியில் இருந்த தம்பி பதறினான்: "படம் நல்லதென்றால் ஏன் ஊசி?"

வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். மூளையில் இரத்தம் கசிந்தால் அது சி.ரி. படத்தில் உடனேயே வெள்ளையாகத் தெரியும். இரத்தக் குழாய் அடைபட்டால் முதல் சில மணித்தியாலங்களுக்குப் படம் மாறாமலே இருக்கலாம். கை சோர்ந்திருக்கிறது, பேச்சுக் குழறுகிறது, கசிவு இல்லை. அப்படியென்றால் அடைப்புத்தான் என்று முடிவெடுக்கிறார்கள். அந்த ஊசி, குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து. அதைக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கான் பார்க்காமல் அதைத் தொடவே மாட்டார்கள். அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுப்பதுதான் வழக்கம். அதற்குள்ளும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது.

மருந்தே கசிவை உண்டாக்கக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதைக் கேட்டபின் கையெழுத்து வைக்க எனக்குக் கை நடுங்கியது. பிரஷரை 185/110க்குக் கீழே இறக்கினார்கள். நிறைக்கு ஏற்ப, கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் வீதம் அளந்து, பத்தில் ஒரு பங்கை உடனேயும் மீதியை ஒரு மணித்தியாலமாகவும் ஏற்றினார்கள்.

ஏன் எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை என்று உறவினர்கள் கேட்டார்கள். புதிய அடைப்பை அது சி.ரி.யைவிட மிக முன்னதாகவே காட்டும், உண்மைதான். ஆனால் கூடுதல் நேரம் எடுக்கும், உடலில் உலோகம் இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். அந்த நேரத்தில் தேவைப்பட்டது கசிவு உண்டா இல்லையா என்ற ஒரு பதில்தான்.

மறுநாள் திரும்பவும் சி.ரி. எடுத்தார்கள். மருந்தால் கசிவு வரவில்லை என்று உறுதிப்படுத்திய பிறகே அஸ்பிரின் தொடங்கினார்கள். இந்தப் படத்தில் இடப்பக்க மூளையில் சிறிய கறுப்புத் திட்டு இருந்தது. வருத்தம் கூடிவிட்டதென்று தம்பி மறுபடியும் பயந்தான். முதல் நாளே பாதிக்கப்பட்ட இடம் இப்போதுதான் படத்தில் தெரிகிறது என்று இம்முறை நானே அவனுக்குச் சொன்னேன். கழுத்து இரத்தக் குழாய்களையும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் பார்த்தார்கள்.

அப்பாவின் பேச்சுத் தெளிந்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட இன்னும் அம்மா உதவ வேண்டும், கைப்பயிற்சி தொடர்கிறது. இரண்டு ஸ்கான் படங்களையும் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் வைத்திருக்கிறோம். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பையும் எங்களோடு வரும்.