வைவாவில் ‘நார்மல்’ சொல்லி மாட்டிக்கொண்டேன்

மதுரையில் ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பு படித்தேன். முதல் வைவாவில் (வாய்மொழித் தேர்வு) எக்ஸாமினர் தலை சி.டி. பிலிம் ஒன்றை மாட்டிவிட்டு, “அறுபது வயசு ஆளு. ஒரு மணி நேரமா வலது கை வரல. என்ன தெரியுது?” என்றார். புது ரத்தக்கசிவு வெள்ளையாகத் தெரியும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். வெள்ளை எங்கும் இல்லை. “நார்மல் சார்.” “அப்ப வீட்டுக்கு அனுப்பிரலாமா?” அவ்வளவுதான், அரியர்.

ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதம் முதல் சில மணி நேரம் சாதா சி.டி.யில் பிடிபடாமல் போகலாம். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில் முன்னதாகவே தெரிந்துவிடும். அப்படியிருந்தும் சி.டி.யை முதலில் எடுப்பது, கசிவு இல்லை என்று பார்க்கத்தான். கசிவு இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது. நான் ஒன்றுமில்லை என்று தள்ளிய பிலிமில்தான் டாக்டருக்கு வேண்டிய பதில் இருந்தது.

அதற்கப்புறம் மெஷின்வாரியாகப் படிப்பதை விட்டேன். நோயாளி என்ன சொல்லிக்கொண்டு வருகிறார் என்று பக்கத்துக்கு ஒன்றாக எழுதினேன். விலாவில் சுருட்டிப் பிடிக்கும் வலியா? சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். (நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு இந்தப் பக்கம் சீக்கிரம் நிரம்பும்.) சுத்த யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது, சி.டி.யில் தெரியும். பித்தப்பைக் கல்லா? அல்ட்ராசவுண்டே போதும், கல்லுக்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழும். கர்ப்பிணி என்றால் கதிர்வீச்சு இல்லாததால் அதிலிருந்தே தொடங்குவார்கள்.

ராண்ட்ஜன் எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895, அதற்கு நோபல் 1901, சி.டி.யில் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் தண்ணீர் 0, காற்று -1000: இதெல்லாம் மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸிலேயே முடிந்துவிடும்.

நெஞ்சு எக்ஸ்ரேக்கு மட்டும் நிறைய நேரம் கொடுங்கள். முதுகுப் பக்கமிருந்து கதிர் வந்தால் இதயம் பிலிமுக்கு அருகில் இருக்கும், அளவு ஏறக்குறைய சரியாக விழும். படுக்கையில் முன்பக்கமிருந்து எடுத்தால் ஊதித் தெரியும். மூச்சு இழுக்காமல் எடுத்தாலும் இதே கதைதான். உசிலம்பட்டிப் பாட்டி ஒருவரிடம் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றேன், தோளை மட்டும் தூக்கினார். “பூ மோந்து பாருங்க பாட்டி” என்றதும் சரியாக வந்தது.

இரண்டாவது வைவாவில் பெரிய இதயத்தோடு ஒரு பிலிம். “படுக்கையில் எடுத்ததா சார்?” என்று முதலில் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பிலிமை மாட்டினார்.